சித்திரையில் பிடிகொடுக்காத கடல்

சித்திரை பிறந்துவிட்டால் கூடலூர் டீக்கடைகளில் ஒரே கேள்விதான்: "பெரியாறு அணையில எத்தனை அடி நிக்குது?" ஜூன் முதல் தேதி தண்ணீர் திறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் முதல் போகத்துக்குத் தயாராகும். அணை வற்றிக்கிடந்தால் தேதி தள்ளிப்போகும். உழவுக்கும் விதைக்கும் காசு புரட்டலாமா, பொறுக்கலாமா? தென்மேற்குப் பருவமழை எப்படியிருக்கும் என்று அப்போதே தெரிந்தால் எவ்வளவு நிம்மதி! அதைச் சொல்லும் துப்பு பெரும்பாலும் பசிபிக் கடலின் சூட்டில் இருக்கிறது.

காற்றுக்கு ஞாபகம் குறைவு. இன்றைய வானத்தை எத்தனை நுணுக்கமாக அளந்தாலும், ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு அப்பால் கணிப்பு சிதறிவிடும். கடலோ சூடேறவும் மாதக்கணக்கு, ஆறவும் மாதக்கணக்கு. மேலே மூன்று மீட்டர் தண்ணீர், மொத்த வளிமண்டலத்துக்கு ஈடான வெப்பத்தைத் தாங்கும். வெப்பமண்டலப் பருவமழையை மாதங்களுக்கு முன்பே ஊகிக்க இந்த மந்தம் கைகொடுக்கும் என்று 1981இல் எழுதியவர்கள் வானிலை ஆய்வாளர்களான ஜூல் சார்னியும், உத்தரப் பிரதேசக் கிராமமொன்றில் பிறந்த ஜகதீஷ் சுக்லாவும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் பருவமழைக் கணினி மாதிரி, கடலையும் காற்றையும் சேர்த்தே ஓட்டுவதற்கு அடிப்படை இந்த எண்ணம்தான்.

ஆனால் பசிபிக்கை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். பசிபிக்கின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகி, பொதுவாக நம் மழையைக் குறைக்கும் எல் நினோ 1997இல் உக்கிரமாக இருந்தும் நாட்டின் பருவமழை வழக்கமான அளவில் பெய்தது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடாகவும் கிழக்குப் பக்கம் குளிர்ந்தும் மாறும் ஊசலாட்டத்தை சஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகதா ஆகிய ஆய்வாளர்கள் 1999இல் விளக்கிய பிறகுதான், நம் வாசலில் கிடக்கும் கடலுக்கும் இதில் பங்குண்டு என்பது பலருக்கும் உறைத்தது.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. மார்ச் முதல் மே வரை பசிபிக்கின் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே வெப்ப வேறுபாடு தளர்ந்திருக்கும். சின்னக் காற்றுகூட கடலின் போக்கைத் திருப்பிவிடும். அதனால் அந்த மாதங்களைத் தாண்டிப் பார்க்கும்போது எல்லா மாதிரிகளும் தடுமாறும். 2014 தொடக்கத்தில் பெரிய எல் நினோ வருகிறது என்று உலகமே காத்திருந்தது. அது முழு வலுவோடு வந்தது 2015இல். கூடலூர் சம்சாரிக்குப் பதில் தேவைப்படுவதும் இதே சித்திரையில்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புனே மாதிரி உலகைச் சுமார் 38 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. பெரியாறு அணையின் நீர்ப்பிடிப்பு 600 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். ஒரு கட்டத்தில் பாதிகூட இல்லை. மலையின் ஒரு சரிவில் கொட்டி மறு சரிவில் தூறும் மழை அந்தக் கட்டத்துக்குள் ஒரே எண்ணாகிவிடும்.

இந்திய வானிலைத் துறையின் முதல் அறிவிப்பு ஏப்ரலில் வரும். கடல் கொஞ்சம் தெளிந்தபின், மே கடைசியில் திருத்திய அறிவிப்பு. அப்போது ஜூன் முதல் தேதிக்குச் சில நாட்களே மிச்சமிருக்கும்.