தன்மரபும் அயன்மரபும்: உயிரணு டிஎன்ஏ தீநுண்மியை உணரும் முறை

தீநுண்மியை எதிர்ப்பது இரத்த வெள்ளையணுக்களின் பணி மட்டுமே என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. தோல், நுரையீரல் முதலிய உறுப்புகளின் உயிரணுக்களும் தம்முள் புகுந்த தீநுண்மியைத் தாமே உணர்ந்து, அண்டை உயிரணுக்களை எச்சரிக்கின்றன. 1957இல் இலண்டனில் ஐசக்சும் லிண்டன்மனும், வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்ஃபுளுயன்சா தீநுண்மியைக் கோழிக்கருச் சவ்வுடன் சேர்த்து வைத்தனர். அச்சவ்விலிருந்து வெளிப்பட்ட பொருள் வேறு சவ்வுத் துண்டுகளில் தொற்றைத் தடுத்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயரே இன்டர்ஃபெரான்.

இன்டர்ஃபெரானைச் சுரக்குமாறு உயிரணுவைத் தூண்டுவது எது என்பது இதனினும் கடினமான வினா. அக்கி, பெரியம்மை ஆகியவற்றின் தீநுண்மிகள் டிஎன்ஏவைக் கொண்டவை. உயிரணுவின் மரபுப்பொருளும் டிஎன்ஏவே. இரண்டும் அதே நான்கு காரங்களால் ஆனவை. எழுத்து ஒன்றாயிருக்க, எழுதியவர் யாரென அறிவது எங்ஙனம்?

டாலசில் ஜிஜியன் சென் குழுவினர் கண்டறிந்து, 2013இல் வெளியிட்ட சிகாஸ் என்னும் நொதி இதற்கு விடையளித்தது. இந்நொதி காரங்களின் வரிசையை நோக்குவதில்லை; ஈரிழை டிஎன்ஏ எதுவாயினும் பற்றிக்கொள்கிறது. நலமான உயிரணுவின் டிஎன்ஏ உட்கருவிலும் மைட்டோகாண்ட்ரியாவிலும் அடங்கியிருப்பதால், சைட்டோபிளாசத்தில் டிஎன்ஏ தென்படுவதே ஊறு நேர்ந்ததன் அறிகுறியாகிறது. டிஎன்ஏவைப் பற்றிய சிகாஸ் வளைய வடிவச் சிறு மூலக்கூறு ஒன்றை ஆக்குகிறது. அது எண்டோபிளாச வலையிலுள்ள ஸ்டிங் புரதத்துடன் இணைய, அதன் தொடர்வினையால் இன்டர்ஃபெரான் மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. அம்மூலக்கூறு அண்டை உயிரணுவுக்கும் கடந்து செல்லவல்லது. தீநுண்மியும் வாளாவிருப்பதில்லை, வாக்சினியா தீநுண்மி அதனைச் சிதைக்கும் நொதியொன்றைத் தானே உண்டாக்குகிறது.

எனினும், இடமே அடையாளம் என்னும் விளக்கம் முழுமையானதன்று. சிகாஸ் உட்கருவினுள்ளும் காணப்படுகிறது. ஆங்கு அது நியூக்ளியோசோம்களின் புரதப் பகுதியில் பிணிக்கப்பட்டுச் செயலற்றிருப்பதை 2020இல் வெளியான கட்டமைப்பு ஆய்வுகள் காட்டின. ஆகவே, இடத்தோடு டிஎன்ஏ பொதியப்பட்ட பாங்கும் கருதத்தக்கது.

இவ்வேறுபாடு பிழைபடும்போது உடலே தாக்குதலுக்கு உள்ளாகிறது. உட்கருவுக்கு வெளியே சிதறும் டிஎன்ஏவை அகற்றும் நொதி ட்ரெக்ஸ்1. அதன் மரபணு பழுதுற்ற குழந்தைகளிடம் ஐகார்டி-கூத்தியேர் நோய்க்கூட்டு தோன்றுகிறது. மூளையில் சுண்ணப் படிவு, தண்டுவட நீரில் மிகுதியான நிணவணுக்கள் என அதன் குறிகள் கருப்பையில் நேர்ந்த தீநுண்மித் தொற்றையே ஒத்திருக்கும். தேடினால் தீநுண்மி இராது. அதனால், இத்தகைய குழந்தைகளிடம் தொற்றுச் சோதனைகள் எதிர்மறையாக வரும்போது மரபணுச் சோதனையும் இன்றியமையாததாகிறது. இன்டர்ஃபெரானின் குறிப்பை உயிரணுவுக்குள் கடத்தும் ஜாக் நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் இந்நோய்க்கு இப்போது பயன்படுத்தப்படுகின்றன. ஏற்கெனவே சிதைந்த நரம்புத்திசுவை அவை மீட்பதில்லை.