கேட்டு மூடியாச்சா, சார்?

திங்கட்கிழமை காலை. கம்ப்யூட்டரைத் தட்டினால் திரையில் ஒரு பெட்டி: 'புதிய வெர்ஷன் தயார்.' பக்கத்து சீட் நண்பர் எட்டிப் பார்க்கிறார்.

"என்னப்பா புதுசு?"

"யார் எந்த ஃபைலைத் திறந்தாங்க, யார் எதைத் திருத்தினாங்கன்னு தானா பதிவாகுமாம்."

"சரி... பதிவானதை யார் பார்ப்பாங்க?"

பதில் இல்லை. இரண்டு பேரும் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

'டேட்டா கவர்னன்ஸ்' என்று கோட் சூட் போட்டுச் சொல்கிறார்களே, அது மொத்தமும் நண்பரின் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எதைப் பதிவு செய்வது? யார் பார்ப்பது? எப்போது பார்ப்பது? ஆபீஸில் இதற்கு விடை இல்லாவிட்டால் ஆடிட்டர் திட்டுவார். அவ்வளவுதான். ஆனால் செம்மங்குப்பத்தில்?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் இருக்கிற ஊர். 2025 ஜூலை 8-ஆம் தேதி காலை, எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், இங்கே ரயில்வே கேட்டைத் தாண்டிய பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். தப்பு யார் மேல் என்பதை விசாரணையும் கோர்ட்டும் பார்த்துக்கொள்ளட்டும். நாம் பார்க்க வேண்டியது, அந்த கேட் எப்படி வேலை செய்தது என்பதை.

அது ஆள் உள்ள கேட்தான். அகல ரயில் பாதைகளில் ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரியிலேயே ஒழித்துவிட்டார்கள். ஆனால் விபத்து நடந்தபோது செம்மங்குப்பம் கேட்டில் 'இன்டர்லாக்கிங்' இருக்கவில்லை. அதாவது, கேட்டுக்கும் சிக்னலுக்கும் நேரடி உறவு இருக்கவில்லை. நடுவில் இருந்தது ஒரு டெலிபோன்!

ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்து, "வண்டி வருது, கேட்டை மூடுங்க" என்பார். கேட் கீப்பர் மூடிவிட்டு ஒரு ரகசிய எண் சொல்வார். 'பிரைவேட் நம்பர்' என்று பெயர். அச்சடித்த தாளில் வரிசையாக இருக்கும் இரண்டு இலக்க எண். அதை ஸ்டேஷன் மாஸ்டர் எழுதிக்கொள்வார். அந்த எண் வந்தால், கேட் மூடிவிட்டது என்று அர்த்தம்.

அர்த்தம்தான். எண்ணைச் சொல்வது மனிதர். கேட்டுக்கு வாய் கிடையாது. மூடாமலே நம்பர் சொன்னாலும் போனுக்குத் தெரியாது. நம் பாஸ்வேர்டை அடுத்த சீட்காரரிடம் கொடுத்து, "எனக்கும் சேர்த்து அட்டெண்டன்ஸ் போட்டுடு" என்கிறோமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். ரிஜிஸ்டரில் நாம் ஆஜர். ஆள் பஸ் ஸ்டாண்டில்!

இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில் இந்த வேலை நடக்காது. கேட் மூடிப் பூட்டினால்தான் சிக்னல் விழும். கேட் திறந்திருந்தால் சிவப்பு. யார் என்ன சொன்னாலும் சிவப்பு.

எல்லா கேட்டுக்கும் ஏன் இதைச் செய்யவில்லை? அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளில் போகிற ரயில்களின் எண்ணிக்கையை, சாலை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கு. 20 ரயில், 300 வண்டி என்றால் 6,000. இந்தத் தொகை 10,000-ஐத் தாண்டினால்தான் இன்டர்லாக்கிங் என்று வரம்பு வைத்திருந்தார்கள். அந்த 300-இல் ஒன்று பள்ளி வேன் என்பது பெருக்கலில் தெரியாது.

விபத்து நடந்த அதே வாரம் ரயில்வே அமைச்சர் உத்தரவுகள் போட்டார். ரயில்வேயின் 'புதிய வெர்ஷன்' என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒன்று: அந்த 10,000 வரம்பு குறைப்பு. இன்னும் நிறைய கேட்டுகளுக்கு இன்டர்லாக்கிங், அதுவும் வேகமாக.

இரண்டு: எல்லா கேட்டிலும் பதிவு வசதியோடு கண்காணிப்பு கேமரா.

மூன்றாவதுதான் நம் நண்பரின் கேள்விக்குப் பதில். கேட்டில் பேசுகிற பேச்சு பதிவாகிறதல்லவா? கோட்ட மேலாளர் தினமும் ஏதாவது இரண்டு கேட்டுகளின் பதிவை எடுத்துக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் விபத்துக்குப் பிறகு கேட்கிற டேப் சாட்சி; விபத்துக்கு முன்னால் கேட்கிற டேப் காவல். "இன்னிக்கு நம்ம டேப்பைக் கேட்டாலும் கேட்பாங்க" என்ற நினைப்பு இருந்தால், மூடாத கேட்டுக்கு நம்பர் சொல்ல நாக்கு கூசும்.

தினமும் இரண்டு என்பதைக் கடமைக்குக் கேட்டு, "சரி" என்று டிக் அடித்துவிட்டால்? அது இன்னொரு பிரைவேட் நம்பர் ஆகிவிடும். அதனால்தான் இன்டர்லாக்கிங் முக்கியம். மனிதன் சொல்வதை நம்ப வேண்டிய இடத்தில், இரும்பே வந்து சாட்சி சொல்கிறது.

நாளைக்கு உங்கள் ஆபீஸில் 'சரிபார்த்தேன்' என்று ஒரு கட்டம் வரும். டிக் அடிக்கும் முன்னால் அரை நிமிஷம் நிஜமாகவே பாருங்கள். அந்தப் பக்கம் யாரோ உங்கள் நம்பரை நம்பி வண்டியை விட்டுக்கொண்டிருக்கலாம்.