தொழில்சார் மறுவாழ்வு (வட சென்னை)

தொழில்சார் மறுவாழ்வு என்பது காயத்தாலோ நோயாலோ உழைக்கும் திறன் குறைந்த ஒருவர் தமக்குத் தகுந்த வேலையைப் பெறவும், அதில் நிலைக்கவும், முன்னேறவும் துணைசெய்யும் பணிகளின் தொகுப்பாகும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1983ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 159ஆம் உடன்படிக்கை இந்நோக்கத்தையே வலியுறுத்துகிறது. ஒருவர் வேலைக்குத் திரும்புவதைக் காயத்தின் கடுமை மட்டும் முடிவுசெய்வதில்லை. ஓய்வுக்கால வருமானம், பணியிடத்தின் ஒத்துழைப்பு, வேலைவாய்ப்பின் தன்மை, சட்டப் பாதுகாப்பு ஆகியனவும் முடிவுசெய்கின்றன. இதற்கு வட சென்னையின் துறைமுக, தொழிற்சாலைப் பகுதி தக்க எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடற்கரைப் பகுதியிலும் அதன் அருகிலும் சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆலைகள், காமராசர் துறைமுகம் ஆகியவை அமைந்துள்ளன. சரக்கு ஏற்றி இறக்குதல், உலோகத் தகடுகளை எந்திரத்தில் அழுத்துதல், படகின் கயிறு சுற்றும் உருளையை இயக்குதல் போன்ற வேலைகளில் கையும் முதுகும் எளிதில் காயமுறுகின்றன.

மருத்துவக் காரணிகள்

இராயபுரத்தை அடுத்துள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் 1970களில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி கை அறுவை மருத்துவத்திற்கெனத் தனித்துறையை வளர்த்தார். அது பின்னர் கை ஆய்வு, மறுவாழ்வு நிறுவனமாக விரிந்தது. அறுவை மருத்துவம் தொடக்கம் மட்டுமே. வெட்டுண்ட தசைநாணைத் தைத்தபின் கையைத் தாங்கியில் வைத்துப் பல வாரங்கள் பயிற்சி அளிக்க வேண்டும். பாரம் தூக்குவதற்கு ஏறத்தாழ 12 வாரங்கள் காத்திருத்தல் வழக்கம். அந்நாட்களில் வருமானமற்ற தினக்கூலித் தொழிலாளி முன்னதாகவே சுமை தூக்கினால், தைத்த தசைநாண் மீண்டும் அறுந்துபோகக்கூடும். எனவே ஓய்வுக்கால ஊதியமும் சிகிச்சையின் ஒரு பகுதியே எனலாம்.

பணியிடக் காரணிகள்

வேலையை விட்டு விலகியிருக்கும் காலம் நீளும் அளவிற்குத் திரும்பும் வாய்ப்பு குறைகிறது. கனடாவின் சேர்புரூக் நகரில் முதுகுவலியுற்ற தொழிலாளரிடையே நடத்தப்பட்டு 1997இல் வெளிவந்த ஆய்வில், மருத்துவத்தோடு பணியிடச் சீரமைப்பும் பெற்றோர் வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு விரைவாகத் தம் வேலைக்குத் திரும்பினர். இலகுவான வேலை, குறைந்த நேரம், கருவியின் கைப்பிடியை மாற்றுதல், மேற்பார்வையாளரின் ஆதரவு ஆகியன இவ்வகைச் சீரமைப்புகளாகும்.

சட்டமும் வேலைவாய்ப்பின் தன்மையும்

ஊனமுற்றோர் உரிமைகள் சட்டம், 2016இன் 20ஆம் பிரிவின்படி, பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ தரம் தாழ்த்தவோ இயலாது. பழைய பணி இயலாதெனில், அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். தனியார் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவருக்கு இப்பிரிவு பொருந்தாது. ஆகவே ஒரே துறைமுகத்தில் ஒரே வகைக் காயமுற்ற நிரந்தர ஊழியரும் ஒப்பந்தத் தொழிலாளரும் வெவ்வேறு நிலையை அடைகின்றனர்.

தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம், 1948இன் (ஈ.எஸ்.ஐ.) கீழ், தற்காலிக ஊனத்திற்கு ஊதியத்தில் 90 விழுக்காடு வழங்கப்பட்டு வந்தது. தொழிற்பயிற்சிக்கான உதவித்தொகை பெற, பணிக்காயத்தால் நேர்ந்த நிலையான ஊனம் 40 விழுக்காட்டிற்குக் குறையாமலும், வயது 45க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. அச்சட்டத்தின் அட்டவணையில் நான்கு விரல்களின் இழப்பு 50 விழுக்காடாகவும், கட்டைவிரல் இழப்பு 30 விழுக்காடாகவும் மதிப்பிடப்பட்டன. அட்டவணைப்படி, கட்டைவிரலை மட்டும் இழந்தவர் இவ்வரம்பை எட்டுவதில்லை. எனினும் கட்டைவிரலின்றிச் சுத்தியலையோ கயிற்றையோ இறுகப் பற்றுவது கடினம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாகச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 கொண்டுவரப்பட்டு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

காசிமேட்டின் விசைப்படகுகளில் பங்கு முறையில் கூலி பெறும் மீனவரின் நிலை வேறானது. கடலுக்குச் செல்லாத நாளில் அவருக்குப் பங்கு கிடைப்பதில்லை. மாற்று வேலை தரக்கூடிய நிறுவனமும் இல்லை.

பயிற்சியும் தொலைவும்

ஊனமுற்றோரின் திறனை மதிப்பிட்டுப் பயிற்சியளிக்கும் நடுவண் அரசின் மையம் நகரின் தென்பகுதியான கிண்டியில் உள்ளது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ தொடர்வண்டி விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டதால், திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்கு நேரடியாகச் செல்ல முடிகிறது. இருப்பினும், பயிற்சி நாட்களில் குடும்பச் செலவை ஈடுசெய்ய வழியில்லாதவர் பயிற்சியை இடையிலேயே கைவிட நேரிடலாம்.