இடுப்பில் குழந்தை... முதுகில் மூட்டை!

"மூணு வயசுப் புள்ளையத் தூக்கிக்கிட்டு, முதுகுல மூட்டையும் கட்டிக்கிட்டு கடல் தாண்டிப் போறீகளாக்கும்? அங்கன போயி புள்ளைக்கு வயித்தால போனா என்னம்மா செய்வே?"

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் குடியிருக்கும் என் தோழியிடம் அவர் மாமியார் கேட்ட கேள்வி இது. தோழிக்கும் கணவருக்கும் ரொம்ப நாள் ஆசை. டூரிஸ்ட் பஸ், பெரிய ஹோட்டல் என்றெல்லாம் இல்லாமல், முதுகுப் பையோடு இலங்கையைச் சுற்றி வர வேண்டும். யாழ்ப்பாணம், திருகோணமலை, கண்டி, நுவரெலியா, சிவனொளிபாத மலை, கொழும்பு என்று ஆறு இடங்கள்... பத்தே நாள்!

மாமியார் பயமுறுத்துகிறார் என்று தோழி நினைத்தாள். உண்மையில், திட்டத்தின் முதல் பக்கத்தை எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

மண்டபம் சொல்லும் பாடம்

நம் பக்கத்து ஜனங்களுக்கு இலங்கை புதிதல்ல. 1964 புயலில் தனுஷ்கோடி அழியும் வரை, அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். கைக்குழந்தையோடு போனவர்களும் உண்டு. தோட்டத் தொழிலாளர்களை அப்போதைய இலங்கை அரசு மண்டபம் கேம்ப்பில் சில நாட்கள் தங்க வைத்து, அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அனுப்பியது.

இன்றைக்குத் திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. நம்மை நிறுத்தி வைத்துச் சோதிப்பவர் யாருமில்லை. அதனால் நமக்கு நாமே மண்டபம் கேம்ப்பாக இருக்க வேண்டியிருக்கிறது!

எட்டு வாரம் முன்பே...

குழந்தைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும். சிறு குழந்தைக்கு ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள். பெற்றோர் இருவரின் சம்மதமும் தேவை. புதுக்கோட்டை மாவட்டத்துக்குத் திருச்சி பாஸ்போர்ட் அலுவலகம்தான். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், டிக்கெட் வாங்கும் முன் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

அதே வாரம் குழந்தை டாக்டரிடம் தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள். தட்டம்மை ஊசி இரண்டு தவணையும் முடிந்ததா? டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஏ வகைக்கான ஊசிகள் போட்டாயிற்றா? கிளம்புவதற்கு முதல் நாள் ஊசி போட்டுக்கொண்டு ஓடுவதில் பிரயோஜனமில்லை. உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாக இரண்டு வாரமாவது வேண்டும்.

கணக்கு உதைக்கிறதே!

பெரியவர் ஒருவர் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் சுமந்து நெடுந்தூரம் நடப்பது நல்லதல்ல. தோழியின் கணவர் 65 கிலோ. அவர் சுமக்கலாம் 13 கிலோ. குழந்தையின் எடையே 13 கிலோ! ஆக, அவர் முதுகு குழந்தைக்கே சரியாய்ப் போயிற்று. தோழி 55 கிலோ. அவர் பங்கு 11 கிலோ. அதில் இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ. மிச்சம் ஒன்பது கிலோவுக்குள் மூன்று பேர் துணி, மருந்து, பால் பவுடர் எல்லாம் அடங்க வேண்டும்.

'ஆளுக்கொரு முதுகுப் பை' என்ற கனவு அங்கேயே ஒரு பையாகச் சுருங்கிவிட்டது. குறைந்த துணி, அடிக்கடி துவைப்பது. அதற்கு ஒரே ஊரில் நாலைந்து நாள் தங்கியாக வேண்டும்.

வயிற்றால் போனால்...

மாமியாரின் கேள்விக்கு வருவோம். பிஞ்சு உடம்பில் நீர் வற்றுவது வெகு வேகம். உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் ஆறாவது பையில் இருக்கட்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்து, முழுப் பாக்கெட்டையும் அதில் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட், கண்ணளவு தண்ணீர் எல்லாம் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

இரண்டு வயது தாண்டிய குழந்தைக்கு, ஒவ்வொரு தடவை போன பிறகும் 100 முதல் 200 மில்லி கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக. சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். பெரியவர்கள் போடும் பேதி நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. துத்தநாக மருந்தை டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கண் குழி விழுவது, அழுதால் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் துவண்டு விழுவது... இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி! இலங்கையில் 1990 என்ற எண்ணுக்கு போன் செய்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும். 'சுவ செரிய' என்று பெயர். 2016-ல் இந்தியாவின் நிதியுதவியோடு தொடங்கியதுதான் அது.

கொசுவும் குரங்கும்

இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-ல் அறிவித்தது. ஆனால் டெங்கு இருக்கிறது. டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும். முழுக்கைச் சட்டையும், பகல் தூக்கத்துக்கும் கொசுவலையும் அவசியம். ஜுரம் வந்தால் எடைக்கேற்ற அளவு பாரசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு வரலாம். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் ஜுரம் வந்தால், "இலங்கை போய் வந்தோம்" என்று டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

நாயோ குரங்கோ லேசாகப் பிராண்டினால்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். 'ஊருக்கு வந்து பார்த்துக்கலாம்' என்ற பேச்சே கூடாது.

சித்தன்னவாசலில் ஒத்திகை

தோழிக்கு நான் சொன்ன யோசனை ஒன்றுதான். "கட்டிய மூட்டையோடு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு, ஒரு நாள் டவுன் பஸ்ஸில் சித்தன்னவாசல் போய் வா. அடுத்த வாரம் திருமயம் கோட்டை."

போனார்கள். பத்து மணிக்கெல்லாம் குழந்தை "தூக்கு" என்றது. பதினோரு மணிக்கு அழுகை. கொண்டுபோன தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்தது. அன்று ராத்திரியே பட்டியலில் பேனா ஓடியது. ஐயாயிரத்துக்கு மேல் படியுள்ள சிவனொளிபாத மலை அடுத்த தடவைக்கு. ஆறு இடம் இரண்டாகி, யாழ்ப்பாணமும் கண்டியும் மட்டும் மிஞ்சின. நடை, பஸ் எல்லாம் காலையில். பதினோரு மணிக்கு மேல் நிழல், சாப்பாடு, தூக்கம்.

"இது என்ன சாகசம்?" என்று கணவர் கொஞ்சம் முணுமுணுத்தாராம். குழந்தையின் காலுக்கும் வயிற்றுக்கும் ஏற்றபடி நடக்கப் பழகுவதும் சாகசம்தானே!

மாமியார் என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு வச்சுக்க" என்றாராம். அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்!