பெலண்டோக் மண்ணுக்குப் பிளாஸ்டிக் புல் எதற்கு?

புக்கிட் பெலண்டோக், லுக்குட், போர்ட்டிக்சன் வட்டாரத்தில் தோட்டங்கள் கைமாறித் தாமான்கள் எழுந்த இடங்களில், வரிசை வீடுகளின் வாசலில் இரண்டு பாய் விரிக்கும் அளவுக்காவது மண் மிஞ்சியிருக்கும். இப்போது அந்த மண்ணின் மேல் பச்சைப் பிளாஸ்டிக் புல் சுருளைப் பிரித்துப் போடுவது வழக்கமாகி வருகிறது. தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் என்பது விற்பவர் சொல்லும் நியாயம். அந்த நியாயம் பிறந்த ஊர் வேறு. அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் ஆண்டு மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். அங்கே புல்தரை என்பது கொலராடோ ஆற்று நீரைக் குழாயில் கொண்டுவந்து மணலில் ஊற்றுவது. அதனால்தான் 2021இல் நெவாடா மாநிலம், அலங்காரத்துக்கு மட்டுமே இருக்கும் பொதுவிடப் புல்வெளிகளுக்கு அந்த ஆற்று நீரைப் பாய்ச்சக் கூடாது என்று சட்டமே போட்டது. 2026 முடியும்வரைதான் அவகாசம். நம் பக்கம் மழை குறைவு என்று பெயரெடுத்த ஜெலெபுவிலேயே ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது. சென்னைக்குக்கூட அவ்வளவு கிடைப்பதில்லை. இங்கே வீட்டு வாசலில் படர்ந்திருக்கும் அகன்ற இலை ‘கௌ கிராஸ்’ மழையை நம்பியே பிழைக்கிறது. ரப்பர் மரங்கள் இலை கொட்டும் பிப்ரவரியில் அதுவும் மஞ்சளாகும்; இரண்டு மழை விழுந்தால் தானே பச்சை கட்டும். ஆக, தண்ணீர் மிச்சம் என்ற பேச்சுக்கு இந்த ஊரில் பொருளே இல்லை.

நமக்கு உள்ள உண்மையான தொல்லை வெயில். உயிருள்ள புல் வேரால் உறிஞ்சிய நீரை இலைவழியே ஆவியாக விடுகிறது. அந்த ஆவியோடு சூடும் போகிறது. பிளாஸ்டிக் இழைக்கு விட நீரில்லை, வாங்கிய வெயிலை வைத்துக்கொள்ளத்தான் தெரியும். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002இல் புதிய செயற்கைத் திடல் ஒன்றை அளந்தபோது, காற்றின் வெப்பம் 37 பாகை செல்சியஸாக இருந்த நாளில் தரையின் வெப்பம் 93 வரை ஏறியிருந்தது. தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள். 29 பாகைக்கு இறங்கியது; ஐந்தே நிமிடத்தில் 49, இருபது நிமிடத்தில் 73. தண்ணீரை மிச்சப்படுத்தப் போட்ட தரையைக் குளிர்விக்கத் தண்ணீரைத் தேட வேண்டிய நிலை. நம் ஊர்க் காற்று அந்த அளவுக்குக் காய்வதில்லைதான். ஆனால் பகல் ஒரு மணிக்கு வெறுங்காலோடு வாசலுக்கு ஓடும் குழந்தையின் பாதத்துக்கு 60 பாகையே அதிகம்.

இந்த மண்ணை மூடியிருக்கும் பச்சையைக் கழித்துவிட்டால் என்னவாகும் என்பதை நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், களை மரத்தின் உணவைத் திருடும் என்று நம்பிய துரைமார்கள், ரப்பர் நிரைகளுக்கு நடுவே ஒரு புல்லும் நிற்கக் கூடாது என்றார்கள். நம் பாட்டன் பாட்டிகள் கூலிக்குக் குனிந்து கொத்திக் கொத்தி மேட்டு நிலத்தை மொட்டையாக்கினார்கள். அடைமழையில் மேல்மண் கரைந்து ஓடையில் இறங்கியது. மரத்தின் வேர் வெளியே தெரிந்தது. பிறகு நீர் தங்கக் குழி வெட்டினார்கள், வரப்புப் போட்டார்கள். கடைசியில் வழி காட்டியது உயிருள்ள செடிதான். 1925இல் அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் பிறரும் ஆராய்ந்து பரப்பிய பியூராரியா, கலோபோகோனியம் போன்ற அவரைக் குடும்பக் கொடிகள் தரையை மூடின, மண்ணைப் பிடித்தன, காற்றின் தழைச்சத்தை வேரில் சேர்த்தன. இன்று செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே தலைக்குமேல் எழும்பப் பார்க்கும் கொடியும் அந்தப் பாடத்தின் தொடர்ச்சியே. அவ்வளவு கூலியும் மண்ணும் கொடுத்துக் கற்றதை வாசலில் மறந்துவிடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

‘பிள்ளைகள் வெளியூரில், வயதான காலத்தில் யார் புல் வெட்டுவது?’ என்ற கேள்வி நியாயமானது. புல் வெட்டும் ஆளுக்கு மாதாமாதம் காசு கொடுக்க வேண்டும், அதுவும் உண்மை. ஆனால் செயற்கைப் புல்லும் சும்மா கிடப்பதில்லை. அதன் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்: இழைகளைக் கோத்த தடித்த அடித்துணி, அதில் நீர் வடியச் சிறு துளைகள், கீழே இடித்து இறுக்கிய கல்தூளும் மணலும். பூனை மூத்திரம் அங்கே தங்கி நாறும். நிழல்பக்கம் பாசி பிடிக்கும். ரம்புத்தான் சருகு மண்ணோடு மக்க வழியில்லாததால் அன்றன்றைக்குக் கூட்ட வேண்டும். எட்டு, பத்து ஆண்டில் இழை நொறுங்கினால் பலவகைப் பிளாஸ்டிக் ஒட்டிய அந்தச் சுருளை மறுசுழற்சிக்கு எடுப்பார் அரிது. கொசுவுக்குப் பயந்து போடுகிறோம் என்பார்கள். டிங்கிக் கொசு முட்டையிடுவது பூந்தொட்டித் தட்டிலும் வாளியிலும் தேங்கிய நீரில்.

செயற்கைத் திடலே கூடாது என்பதல்ல என் வாதம். 1975 உலகக் கிண்ண ஹாக்கி கோலாலம்பூரில் இயற்கைப் புல்லில் நடந்தது. அடுத்த ஆண்டு மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் திடல் வந்துவிட்டது. ஹாக்கி ஆடும் நம் பிள்ளைகளுக்கு அது இல்லாமல் முடியாது. வீட்டு வாசலில் யாரும் பெனால்டி கார்னர் அடிக்கப்போவதில்லை. வெட்டத்தான் முடியவில்லை என்றால் நர்சரியில் ‘பின்டோ பீனட்’ கேளுங்கள். வேர்க்கடலையின் உறவுச் செடி. கணுக்கணுவாக வேர்விட்டுத் தரையோடு படரும், சாண் உயரத்துக்குள் அடங்கும், மஞ்சள் பூப் பூக்கும். தோட்டத்துக் கொடிகளைப் போல அதுவும் காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு சாண் இடைவெளியில் தண்டை ஊன்றினால் போதும்.