பாஃப் புரதம்

பாஃப் என்பது பி செல்கள் முதிர்ச்சி அடைவதற்கும் உயிருடன் நிலைப்பதற்கும் தேவையான ஒரு புரதம் ஆகும். கட்டி நசிவுக் காரணிக் குடும்பத்தைச் சேர்ந்த இது, 1999 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பிளிஸ் என்றும் இது அழைக்கப்படுகிறது. மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றிலுள்ள தாங்குசெல்களும் சில வகை வெள்ளையணுக்களும் இதனைச் சுரக்கின்றன.

முதிர்ச்சியில் பங்கு

எதிர்ப்பொருள்களை உருவாக்கும் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் தோன்றுகின்றன. முழுமை பெறாத நிலையிலேயே அவை இரத்தத்தின் வழியாக மண்ணீரலை அடைகின்றன. அங்கே பல செல்கள் முதிர்ச்சி அடையாமலேயே அழிகின்றன. பிழைப்பதற்கு ஒரு செல்லுக்கு இரண்டு சைகைகள் வேண்டும். ஒன்று, அதன் மேற்பரப்பிலுள்ள பி செல் ஏற்பி தருவது. மற்றொன்று, பாஃப் தருவது. பாஃப் தன் ஏற்பியுடன் இணையும்போது, செல் தன்னைத் தானே அழித்துக்கொள்வதைத் தடுக்கும் புரதங்கள் அச்செல்லினுள் பெருகுகின்றன. பாஃப் இல்லாதவாறு மரபணு மாற்றப்பட்ட எலிகளில் முதிர்ந்த பி செல்கள் மிகவும் குறைந்து, எதிர்ப்பொருள் உற்பத்தியும் தளர்ந்துவிடுகிறது.

ஏற்பிகள்

பாஃப் மூன்று ஏற்பிகளுடன் இணையக்கூடியது.

பாஃப்-ஆர்: பி செல்கள் முதிர்வதற்கும் நிலைப்பதற்கும் முதன்மையானது.
டாசி: பாக்டீரியாக்களின் சர்க்கரை உறைக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாக உதவுகிறது.
பிசிஎம்ஏ: எலும்பு மஜ்ஜையில் நெடுங்காலம் வாழும் பிளாஸ்மா செல்களைக் காக்கிறது. இதனுடன் ஏப்ரில் என்னும் உறவுப் புரதம் வலுவாக இணைகிறது.

அளவின் முக்கியத்துவம்

உடலில் பாஃப் அளவோடுதான் கிடைக்கிறது; அதற்காகப் பி செல்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. நம் உடலின் சொந்தப் பொருள்களையே தாக்கக்கூடிய பி செல்கள் பிழைக்க, மற்றவற்றைவிட அதிக பாஃப் தேவை. எனவே அவை போட்டியில் தோற்று அழிகின்றன. பாஃப் மிகுந்தால் இந்த வடிகட்டல் தளர்ந்து, அழிய வேண்டிய செல்களும் தப்பிவிடுகின்றன. பாஃப் மிகையாகச் சுரக்கும் எலிகளில் டிஎன்ஏவைத் தாக்கும் எதிர்ப்பொருள்களும், லூபஸ் நோயை ஒத்த சிறுநீரகப் பாதிப்பும் தோன்றுகின்றன. லூபஸ் நோயாளிகள் பலரின் இரத்தத்திலும் பாஃப் கூடுதலாகக் காணப்படுகிறது.

மருத்துவப் பயன்

பாஃபைத் தடுக்கும் பெலிமுமாப் என்னும் மருந்து, லூபஸ் நோய்க்காக 2011 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இம்மருந்தால் புதிய பி செல்கள் குறைகின்றன. நினைவுப் பி செல்களும் நெடுநாள் பிளாஸ்மா செல்களும் பாஃபை அந்த அளவுக்குச் சார்ந்திருப்பதில்லை. ஆகவே முன்பு போட்ட தடுப்பூசிகள் தந்த பாதுகாப்பு பெரும்பாலும் தொடர்கிறது.