மதுரைக் கண்மாய்களில் பெருமழைக்குப் பிந்தைய மீன் நடமாட்டமும் மீன்பிடிப்பும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியின் நன்னீர் மீன்வளம் பெரும்பாலும் கண்மாய்களைச் சார்ந்தது. மாடக்குளம், தென்கால், நிலையூர், வண்டியூர் முதலிய கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையாலும் கால்வாய் வழி வரும் நீராலும் நிரம்புகின்றன. முதல் பெருமழைக்குப் பின் இவற்றில் மீன் மிகுதியாக அகப்படுவது யாவரும் அறிந்ததே. ஆயினும், அம்மிகுதிக்குக் காரணங்கள் பல. அவற்றைப் பிரித்தறியாது பிடிப்பது கண்மாயின் அடுத்த ஆண்டு மீன்வளத்தைக் குறைத்துவிடும்.

முதற்காரணம், மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறுவதாகும். வரத்துக்கால் வழியே புதுநீர் பாயும்போது நீரின் வெப்பமும் உப்புச்செறிவும் குறைகின்றன. ஓட்டத்தின் விசையை மீன்கள் தம் உடலின் பக்கக்கோட்டு உறுப்பால் உணர்கின்றன. இம்மாற்றங்கள் முட்டையிடும் பருவத்தை அறிவிக்கும் குறிகளாகின்றன. சினை முற்றிய கெண்டைகளும் அயிரைகளும் வாய்க்கால் வழியே புதிதாக நீர் பரவிய வயல்களை நாடுகின்றன. அங்குக் குஞ்சுகளுக்கு நுண்ணுயிர் உணவு மிகுதி. பெரிய மீன்களின் அச்சம் குறைவு. ஈர நிலத்தின்மேலும் ஊர்ந்து செல்லவல்லது பனையேறிக் கெண்டை. அது பனைமரத்தில் ஏறக் கண்டதாகத் தரங்கம்பாடியிலிருந்த தால்டார்ஃப் என்னும் டேனிய அலுவலர் 1791ஆம் ஆண்டு நிகழ்வொன்றைப் பதிவு செய்துள்ளார். மரமேறுதல் ஐயத்துக்குரியதேனும், மழைக்காலத்தில் அது நீர்நிலை விட்டு நீர்நிலை பெயர்வது உண்மை.

விராலின் இயல்பு வேறு. அது கரையோரச் செடிகளுக்கிடையே கூடமைத்து முட்டையிடும். செந்நிறப் பார்ப்புகள் திரளாக நீர்மட்டத்தில் திரிகையில் தாயும் தந்தையும் அருகிருந்து காக்கும். அந்நிலையில் பெரிய விராலைப் பிடித்தால் பார்ப்புகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

கலங்கிய நீரில் கண்ணால் இரைதேடும் மீன்கள் தடுமாற, மீசையால் தடவி இரையறியும் கெளுத்தி தூண்டிலில் எளிதில் சிக்கும். வண்டல் படிந்தபின் இந்நிலை மாறும்.

மழைக்குப் பின் மீன்கள் மேல்மட்டத்தில் வாய்திறந்து திரிவதை வளத்தின் அறிகுறி எனக் கொள்வது பிழை. வெள்ளம் அடித்துவரும் அழுகுபொருள்கள் சிதையும்போது நீரில் கரைந்த ஆக்சிஜன் செலவாகிறது. மேகமூட்டத்தால் பாசிகளின் ஒளிச்சேர்க்கையும் தளர்கிறது. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கினால் கட்லா, ரோகு போன்றவை மூச்சுத்திணறும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் விரால் பிழைத்துக்கொள்ளும். கழிவுநீர் கலக்கும் நகரக் கண்மாய்களில் இவ்விடர் மிகுதி. விடியற்காலையில் அது உச்சமடையும்.

கட்லா, ரோகு ஆகியவை தேங்கிய நீரில் பொதுவாக முட்டையிடுவதில்லை. 1957இல் ஹிராலால் சௌத்ரி ஊக்குநீர் ஊசியால் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தபின் அவற்றின் குஞ்சுகளைப் பண்ணைகளில் உருவாக்கிக் கண்மாய்களில் விடுவது பரவிற்று. மீன்பாசிக் குத்தகைதாரர் பணம் கொடுத்து வாங்கி விட்ட இக்குஞ்சுகள் கண்மாய் மறுகால் பாயும்போது கலுங்கு வழியே வெளியேறக்கூடும். ஆதலால் அங்கு வலைத்தடுப்பு அமைப்பது நியாயமே.

அதே வலையை வரத்துக்காலின் வாயில் கட்டுவது முற்றிலும் வேறான செயல். அங்கு அகப்படுபவை சினைமீன்கள். நாட்டுமீன்களுக்குக் குஞ்சு வாங்கி விடுவார் அரிது. இந்த ஏற்றமே அவற்றின் விதைப்பு. முதல் வெள்ளத்தின் சில நாள்களுக்கு வரத்துக்காலைத் திறந்து வைத்து, நீர்மட்டம் நிலைத்தபின் கண்மாயின் உட்பகுதியில் அகன்ற கண்ணியுடைய வலை வீசினால் குத்தகைதாரருக்கும் பெரிய இழப்பில்லை. கோடையில் நீர் வற்றியபின் மேலூர்ப் பகுதியில் ஊர் கூடி நடத்தும் மீன்பிடித் திருவிழாக்களில் ஊத்தாவிலும் கச்சா வலையிலும் விழும் நாட்டுமீன்கள் பெரும்பாலும் அம்மழைநாள்களில் தப்பிய மீன்களின் வழித்தோன்றல்களே.